நான்காம் தட்டு எலிகள்

எலிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. அதனால் இருபத்தாறு வருடமாக எனக்கும் தெரியாது. ஊரே போர்த்திக்கொண்டு தூங்குகிற அந்தக் காலையில் நான் ஆய்வுக்கூடத்தின் பின்வாசலைத் திறந்து, வெளிச் செருப்பைக் கழற்றிவிட்டு ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, விளக்கைப் போடுவேன். இருநூறு கூண்டுகளிலும் ஒரே நேரத்தில் மரத்தூள் சலசலக்கும். என்னைப் பார்த்த சந்தோஷம் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். தீனிக்காகத்தான். இருந்தாலும், நாம் உள்ளே போகும்போது நாலு பேர் எழுந்து நிற்பது நன்றாகத்தான் இருக்கும்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். எது முதல் என்று எனக்குப் பிடிபடவில்லை. வேலையிலிருந்து ஆரம்பிக்கிறேன், வேறு எதுவும் எனக்கு அவ்வளவு தெளிவாகத் தெரியாது. உங்கள் எழுத்தர் கை வலிக்கிற மாதிரி எழுதுகிறார். அவருக்காகக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

அனிமல் ஹவுஸ் என்று நாங்கள் சொல்வது கட்டடத்தின் பின்பக்கம் இருக்கிற மூன்று அறைகள். ஜன்னல் கிடையாது. எலிகளைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. தீனி வைப்பது, தண்ணீர் பாட்டில் மாற்றுவது, மரத்தூள் மாற்றுவது, ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒவ்வொன்றாக எடை போட்டு எழுதுவது. புதிதாக எலிகள் வந்தால் காதில் அடையாளம் போடுவேன். வலது காதில் ஒரு வெட்டு என்றால் ஒன்று, இரண்டு வெட்டு என்றால் இரண்டு, இடது காதில் வெட்டினால் பத்து. அந்த இடுக்கியை வேறு யாரும் தொட்டதில்லை. ஆராய்ச்சிக்காரர்கள் மூன்று வருடம் நான்கு வருடம் இருந்துவிட்டுப் பட்டத்தோடு போய்விடுவார்கள். வெள்ளை எலி எல்லாம் அவர்களுக்கு ஒரே எலிதான். காதில் வெட்டு இல்லையென்றால் எது எதுவென்று பெரிய பேராசிரியருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

அவர்கள் எனக்கு வைத்த பெயர் எலியம்மா. முகத்துக்கு நேரே மேடம் என்பார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. பட்டப்பெயர் வைக்கிற அளவுக்காவது என்னைக் கவனித்திருக்கிறார்கள்.

ஆராய்ச்சி முடிகிற அன்று எலிகளையும் முடிக்க வேண்டும். கழுத்தைத் திறந்தால் மூச்சுக்குழாயின் இரண்டு பக்கமும் அரிசிமணியைவிடச் சின்னதாக, செக்கச்செவேலென்று தைராய்டு சுரப்பி இருக்கும். கிழியாமல் எடுத்து, காய்வதற்குள் தராசில் வைக்க வேண்டும். படித்தவர்களுக்குக் கை ஆடும். "மேடம், நீங்களே எடுத்துடுங்களேன்" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். என் கை ஆடாது. ஒவ்வொன்றையும் கையில் எடுக்கும்போது மெதுவாக "போயிட்டு வா" என்பேன். வீட்டை விட்டு யார் கிளம்பினாலும் அப்படித்தானே சொல்கிறோம்.

வீட்டில் நானும் என் தங்கையும் மட்டும். அம்மா இறந்தபோது எனக்குப் பத்தொன்பது, அவளுக்கு எட்டு. அப்பா அதற்கு முன்பே வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார். அவளுக்குத் தலை வாரிவிட்டது நான். பள்ளிக்கூட மதிப்பெண் அட்டையில் பெற்றோர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டது நான். எனக்கு வரன் பேச வந்தவர்களிடம், இவளை ஒரு வழி பண்ணிவிட்டுப் பார்க்கலாம் என்றேன். அவர்களும் சரி என்று போனார்கள். பிறகு யாரும் வரவில்லை. இப்போது எனக்கு ஐம்பது. முப்பத்தொன்பது வயதிலும் அவளை நான் பாப்பா என்றுதான் கூப்பிடுவேன்.

பாப்பாவுக்கு ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. நீங்களே அவள் குரலைக் கேட்டிருப்பீர்கள். ரயில் இரண்டு மணி நேரம் தாமதம் என்பதைக்கூட அவள் சொன்னால் யாருக்கும் கோபம் வராது. பெட்டியின் மேலிருந்து எழுந்தவர்கள், சரி, வரும்போது வரட்டும் என்கிற முகத்தோடு மறுபடி உட்கார்ந்துகொள்வார்கள். சனிக்கிழமை சாயங்காலங்களில் அவளுக்குத் தெரியாமல் பிளாட்பார பெஞ்சில் போய் உட்கார்ந்து நான் அவள் குரலைக் கேட்டதுண்டு. வீட்டில் அவள் இல்லாதபோது ஒரு சத்தமும் இருக்காது. பக்கத்து வீட்டுக் குழாய் சொட்டுவது கேட்கும். எலிகளோடு பேசுவேன் என்றாலும் அதைப் பேச்சு என்று சொல்ல முடியாது.

அங்கேதான் பாப்பாவுக்குப் பழக்கமானார் ரயில் கார்டு ஒருவர். மனைவியை இழந்தவர், நெட்டையானவர், அறைக்கு வெளியே கேட்கிற மாதிரி சிரிப்பார். ஒரு தடவை வீட்டுக்கு வந்தார். குறை சொல்ல ஒன்றுமில்லை. டீ குடித்த கோப்பையைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். குறை சொல்ல ஒன்றுமில்லாததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு வாரம் கழித்து, துணி மடித்துக்கொண்டே பாப்பா சொன்னாள்.

"அக்கா, அவரு கேட்டாரு. நான் சரின்னுட்டேன்."

"எதுக்குச் சரின்ன?"

"தெரியாத மாதிரி கேக்காத."

"நல்லது. எப்போ?"

"மூணு மாசத்துல. அவருக்கு மாத்தல் வந்திருக்கு. நானும் அங்கயே கேட்டு எழுதிக் குடுத்துட்டேன்."

"அங்கன்னா எங்க?"

"பதினாலு மணி நேரம்தான். ரயில்ல ஏறித் தூங்கினா முடிஞ்சுது. நீ லீவு போட்டுட்டு வந்து இரு."

"எலிக்கு யாரு லீவு குடுப்பா?"

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு கையில் ஒரு தலையணை உறையோடு என்னையே பார்த்தாள்.

"உனக்குக் கஷ்டமா இருக்காக்கா?"

"எனக்கென்ன கஷ்டம்."

அவளிடம் நான் சொன்ன பொய்களில் இது முதலாவது என்று எழுதிக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் கண்ணாடிக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தடித்த கண்ணாடி போட்ட ஆராய்ச்சிக்காரர். நாற்பது வயதில் பட்டம் வாங்க வந்தவர். காட்மியம் என்கிற உலோகம் தண்ணீரில் கலந்து உடம்புக்குள் போனால் தைராய்டு என்ன ஆகும் என்பது அவருடைய கேள்வி. பேட்டரியிலும் பெயின்டிலும் இருக்கிற உலோகம் அது. எலிகளை நான்கு தட்டாகப் பிரித்தார். முதல் தட்டுக்கு வெறும் தண்ணீர். இரண்டாம் தட்டுக்குக் கொஞ்சமாக உலோகம். மூன்றாம் தட்டுக்கு அதிகம். நான்காம் தட்டுக்கு எட்டு வாரம் உலோகம், பிறகு எட்டு வாரம் வெறும் தண்ணீர். சுரப்பி மறுபடி தேறுகிறதா என்று பார்க்கிற தட்டு அது.

மூன்றாம் தட்டைப் பற்றிப் பேச வேண்டாம். என்னைக் கவர்ந்தது இரண்டாம் தட்டு. அவை நோயாளிகள் மாதிரியே இல்லை. கூண்டைத் திறந்தால் முதல் தட்டு எலிகள் விளிம்பில் கால் வைத்து வெளியே எட்டிப் பார்க்கும், ஒன்றிரண்டு தாவவும் தாவும். இரண்டாம் தட்டு எலிகள் எங்கேயும் போக நினைக்காது. மூலையில் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து படுத்திருக்கும். கையை விட்டால் கையோடும் ஒட்டிக்கொள்ளும்.

"சுரப்பி மந்தமானா உடம்பு குளிரும் மேடம். அதான் ஒட்டிக்குதுங்க" என்றார் கண்ணாடிக்காரர்.

பதிவேட்டில் நான் 'அமைதி' என்று எழுதியிருந்தேன். அவர் அதை அடித்துவிட்டு 'செயல்குறைவு' என்று எழுதினார்.

பாப்பா துணி மடித்த அந்த நாளுக்கு ஒரு வருடம் முன்பே அவருடைய ஆராய்ச்சி முடிந்து, கட்டுரை அச்சாகி, ஒரு பிரதி எனக்கும் வந்திருந்தது. கடைசிப் பக்கத்தில் எனக்கு நன்றி சொல்லியிருந்தார். அதற்கு மேலே முடிவுரை. உலோகத்தை நிறுத்தி எட்டு வாரத்தில் சுரப்பி முழுமையாகப் பழைய நிலைக்குத் திரும்புகிறது. அந்த வரியில் நான் பென்சிலால் கோடு போட்டேன். அந்தக் கட்டுரையைத்தான் நீங்கள் சமையலறை இழுப்பறையிலிருந்து எடுத்து வந்திருக்கிறீர்கள். மிச்சமிருந்த உலோகத்தை அப்புறப்படுத்துகிற பொறுப்பும் என்னிடம்தான் இருந்தது. நான் அப்புறப்படுத்தவில்லை.

தினமும் காலையில் இரண்டு பாட்டிலில் தண்ணீர் நிரப்புவேன். நீலம் எனக்கு, பச்சை அவளுக்கு. அறிவிப்பு செய்கிறவர்கள் அடிக்கடி தொண்டையை நனைத்துக்கொள்ள வேண்டும். அவள் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் பச்சை பாட்டிலை நான் நிரப்பி வைக்காத நாள் கிடையாது. அதில் இன்னும் ஒரு சின்ன வேலை சேர்ந்தது. முதல் நாள், கை ஆடுகிறதா என்று பார்த்தேன். ஆடவில்லை.

அவளுக்கு நான் கெடுதல் நினைக்கவில்லை. கொஞ்ச நாள் தள்ளிப்போட நினைத்தேன், அவ்வளவுதான். கல்யாணத்தைத் தள்ளிப்போடச் சொல்லி அவளிடம் வாய்விட்டுக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டால் தள்ளிப்போட்டிருப்பாள். ஆனால் என்னைப் பார்த்துப் பாவம் என்று நினைத்திருப்பாள்.

மூன்றாவது வாரம் மின்விசிறியை அணைக்கச் சொன்னாள். ஐந்தாவது வாரம் வெயில் காலத்தில் ஸ்வெட்டரைத் தேடினாள். வேலைவிட்டு வந்ததும் சாப்பிடாமல் படுத்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை எலிகளை எடை போட்டுவிட்டு வீட்டுக்கு வந்ததும் அவளையும் எடை பார்க்கிற கருவியில் நிற்கச் சொன்னேன்.

"என்னையும் எலியாக்கிட்டியா?"

"பேசாம நில்லு. முள்ளு ஆடுது."

நின்றாள். சின்ன வயதிலிருந்தே அவள் அப்படித்தான், முனகிக்கொண்டே சொன்னதைச் செய்வாள். அந்த நோட்டுப் புத்தகமும் உங்களிடம் இருக்கிறது. அதில் அவள் பெயர் இல்லை, 'எண் 2' என்று மட்டும் இருக்கிறது என்று உங்கள் ஆட்கள் ஏதோ பெரிதாகப் பேசிக்கொண்டார்கள். எங்கள் வேலையில் பெயர் எழுதுகிற வழக்கம் இல்லை. 'எண் 1' நான்தான். ஒப்பிட்டுப் பார்க்க வெறும் தண்ணீர் குடிக்கிற ஒருவர் எப்போதும் வேண்டும். என் எடை மாறவே இல்லை.

மூன்றாவது மாதம் குரல் போனது. முழுக்கப் போகவில்லை, தடித்து, இழுத்து, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆகிவிட்டது. ஒரு சாயங்காலம் இரண்டாம் பிளாட்பார ரயிலை நான்காம் பிளாட்பாரம் என்று அறிவித்துவிட்டாள். மாடிப்படி ஏறி இறங்கி வருவதற்குள் பலருக்கு ரயில் போய்விட்டது. ஸ்டேஷன் மாஸ்டர் திட்டவில்லை. கொஞ்ச நாள் ஓய்வு எடுத்துட்டு வாம்மா என்றார். திட்டியிருந்தால் தேவலை என்று அவள் என் மடியில் படுத்து அழுதாள். நான் அவள் பாதங்களைப் பிடித்துவிட்டேன். ஐஸ் மாதிரி இருந்தன. அன்றைக்கு எனக்கு ரொம்ப வருத்தமாக இருந்தது. அதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

தெருமுனை டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, தைராய்டு குறைவு, நிறையப் பேருக்கு வருகிறதுதான் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரையை ஒரு நாளும் தவறவிடாமல் நானே எடுத்துக் கொடுத்தேன். டாக்டர் சொன்னதை மீறுகிற ஆள் இல்லை நான். இரண்டு மூன்று வாரத்தில் மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்தது. குளியலறையில் ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். மறுநாள் பச்சை பாட்டிலில் கொஞ்சம் கூட்டினேன்.

கல்யாணத் தேதி ஒரு தடவை தள்ளிப்போனது. பிறகு இன்னொரு தடவை. கார்டு ஓய்வு நாளில் ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். பாப்பா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள்.

"எழுப்பாதீங்க, தூங்கட்டும்" என்றார்.

"ரொம்ப தூரத்துலேர்ந்து வந்திருக்கீங்க."

"பரவால்லங்க. டாக்டர் என்ன சொல்றாரு?"

"நாளாகும்னாரு."

"ஆகட்டுமே. நான் இருக்கேன்ல."

இந்த வீட்டில் அந்த வார்த்தையைச் சொல்கிற ஆள் முப்பது வருடமாக நான்தான். அவர் அதை அவ்வளவு சுலபமாகச் சொன்னது என்னால் தாங்க முடியவில்லை. நான் குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"உங்ககிட்ட நேரா சொல்ல அவளுக்குச் சங்கடமா இருக்குங்க. கல்யாணம் வேண்டாங்கறா. உங்களை இழுத்தடிக்க வேண்டாம்னு சொல்றா."

"அவங்களே சொன்னாங்களா?"

"என்கிட்ட சொல்லாம யார்கிட்ட சொல்லுவா?"

அவர் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய் அதைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். பாப்பா எழுந்ததும், கார்டு வந்தார், நீ தூங்குவதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார் என்றேன். அவள் தூங்குகிற நேரத்தில் அவளுடைய போன் என்னிடம்தான் இருக்கும். அவர் இரண்டு தடவை கூப்பிட்டார். இரண்டு தடவையும் நான் பேசினேன். மூன்றாவது தடவை கூப்பிடவில்லை. அவர் கூப்பிடாமல் தானாகக் கூப்பிடப் பாப்பாவுக்கு ரோஷம். எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் ரோஷம் ஜாஸ்தி. அது எனக்கு வசதியாகப் போயிற்று.

ஆரஞ்சுப் பழங்களை உரித்து நான்தான் அவளுக்கு ஊட்டினேன்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. நான் சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் வேலை முடிந்து தெருவுக்குள் திரும்பும்போதே எங்கள் ஜன்னலில் விளக்கு எரிவது தெரியும். படியேறுகிற சத்தம் கேட்டதுமே உள்ளேயிருந்து "வந்துட்டியாக்கா?" என்பாள். குரல் கரகரவென்றுதான் இருக்கும், ஆனாலும் அது எனக்கு மட்டுமான குரல். ஒரே போர்வைக்குள் உட்கார்ந்து டிவி பார்ப்போம். என் தோளில் சாய்ந்து தூங்கிப்போவாள். தோள் மரத்துப்போனாலும் நான் அசைய மாட்டேன். எட்டு வயதில் எப்படி இருந்தாளோ அப்படி. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. யாரும் இல்லாத வீட்டுப் பூட்டைத் திறந்து திறந்து பழகியவர்களுக்குத்தான் அது எப்படிப்பட்ட சந்தோஷம் என்று புரியும்.

கார்டு போன பிறகாவது நிறுத்தியிருக்கலாமே என்று நேற்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. நிறுத்தினால் தேறிவிடுவாள். தேறினால் வேலைக்குப் போவாள். வேலைக்குப் போனால் இன்னொருத்தர் வந்து கேட்பார், இவள் சரி என்பாள். அந்தக் குரலைக் கேட்டுவிட்டு யார்தான் கேட்காமல் இருப்பார்கள்?

பதினோராவது மாதம் ஒரு காலையில் தும்மினாள். சாதாரணத் தும்மல். விலா எலும்பு விரிசல் விட்டுவிட்டது. அன்றைக்கே நான் நிறுத்திவிட்டேன். யாரும் சொல்லி நிறுத்தவில்லை, நானாக நிறுத்தினேன். காலண்டரில் எட்டு வாரம் எண்ணிக் குறித்துக்கொண்டு காத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எடை பார்த்தேன். அதுவரை இறங்கிக்கொண்டே வந்த எடை ஏழாவது வாரம் கூடியது. சந்தோஷத்தில் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். ஆனால் கூடியது எடை இல்லை, நீர். கணுக்காலை அழுத்தினால் விரல் குழி அப்படியே நின்றது. ஆஸ்பத்திரியில், இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்றார்கள்.

கூடப் பிறந்தவர் யாராவது கொடுக்க முடியுமா என்று சிறுநீரக டாக்டர் கேட்டார். நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். எனக்கு எல்லாச் சோதனையும் செய்தார்கள். ஒரு வாரம் கழித்து டாக்டர் காகிதங்களைப் புரட்டிவிட்டு, "நல்லாப் பொருந்துதும்மா" என்றார். பொருந்துகிறது என்று என்னைப் பற்றி அதற்கு முன் யாரும் சொன்னதில்லை. இரண்டு கட்டிலைப் பக்கத்தில் பக்கத்தில் போடுவார்களா என்று நர்ஸிடம் கேட்டேன். பாப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்காக இன்னும் என்னதாங்க்கா செய்வ?" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

தேதி குறித்த பிறகு டாக்டர் ஒரு நாள் வார்டில் நின்றபடியே கேட்டார்.

"இவங்க முன்னாடி என்ன வேலை பாத்தாங்க? பேட்டரி கம்பெனி, பெயின்ட் கம்பெனி அந்த மாதிரி ஏதாவது?"

"இல்ல டாக்டர். ரயில்வேல அறிவிப்பு."

"எலும்பும் கெட்டிருக்கு, கிட்னியும் கெட்டிருக்கு. எங்கயோ இடிக்குது. நீங்க என்ன பண்றீங்க?"

"எலி பாத்துக்கறேன்."

"எங்க?"

சொன்னேன். நல்ல மனிதர், மரியாதையாகக் கேட்டார், மறைக்கத் தோன்றவில்லை. ரொம்ப நேரம் எதையோ எழுதினார். மறுநாள் அவளுக்கு இன்னொரு ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். அதற்கு அடுத்த நாள் நீங்கள் வந்தீர்கள்.

இனி மிச்சம் ஒன்றுதான். நேற்று அந்தக் கட்டுரையை என் முன்னால் வைத்து, பென்சில் கோடு போட்ட வரியைக் காட்டி, "இதை நம்பித்தான் செஞ்சீங்களா?" என்று கேட்டீர்கள். ஆமாம் என்றேன். நீங்கள் பெருமூச்சு விட்டீர்கள். பாவம், படிப்பு குறைந்தவள், அச்சில் வந்ததை நம்பிவிட்டாள் என்று நினைத்தீர்கள் போலிருக்கிறது. இன்றைக்குக் கண்ணாடிக்காரரைக் கூப்பிட்டு விசாரிக்கப் போவதாகச் சொன்னீர்கள். அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம். அவருக்கு ஒன்றும் தெரியாது.

நான்காம் தட்டில் பன்னிரண்டு எலிகள் இருந்தன. அவற்றுக்கு வெறும் தண்ணீர் வைக்கத் தொடங்கிய நாலாவது வாரம் அவருடைய அம்மா இறந்துபோனார். ஊருக்குப் போனவர் இருபது நாள் கழித்துத்தான் வந்தார். அதற்குள் ஏழு எலிகள் செத்துப்போயின. மிச்ச ஐந்தும் எழுந்து நிற்கவில்லை. ஒன்றைத் திறந்து பார்த்தேன். சிறுநீரகம் வெளிறி வீங்கி, தொட்டால் கையோடு வந்தது. சுரப்பி தேறுகிறதா தேறவில்லையா என்று பார்ப்பதற்கே அங்கே எலி இல்லை.

மதியம் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டவர் அந்த இருபத்தாறு வருடத்தில் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் எலி வாசனை என்று மாடிக்குப் போய்விடுவார்கள். அவர் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டு, "மேடம், இன்னிக்கு என்ன?" என்பார். இது சொதப்பினால் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்கே போய்விடுவேன் என்று அடிக்கடி சொல்லுவார். அவர் போகக் கூடாது என்று நினைத்தேன். பின்னறையில் வெறும் தண்ணீர் குடித்து வளர்ந்த எலிகள் நிறைய இருந்தன. அதே வயது, ஏறக்குறைய அதே எடை. பன்னிரண்டு எடுத்தேன். அதே காதில், அதே இடத்தில், அதே எண்ணிக்கையில் வெட்டினேன். ஊரிலிருந்து வந்தவர் கூண்டைத் திறந்து பார்த்துவிட்டு, "மேடம், எப்படித் தேறிடுச்சுங்க பாருங்க" என்று கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சுரப்பிகளை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். எல்லாம் நன்றாக இருந்தன. இல்லாமல் என்ன செய்யும்?

பட்டம் கிடைத்த மூன்றாவது வாரம் அவர் போய்விட்டார். போனதும் ஒரு கடிதம் எழுதினார், அதோடு சரி.

ஆகவே திரும்புகிற சுரப்பி என்று ஒன்றை நான் கண்ணால் பார்த்ததில்லை. யாரும் பார்த்ததில்லை. உலோகத்தை நிறுத்திய பிறகு என்ன ஆகும் என்று இந்த உலகத்தில் ஒருத்தருக்குத் தெரியுமென்றால் அது எனக்குத்தான். ஆனால் அச்சில் பார்க்கும்போது வேறு மாதிரி இருக்கிறது. பெரிய பேராசிரியர்கள் படித்துவிட்டுச் சரி என்று சொன்ன வரி. அந்த வரியைத் தினமும் படித்தேன். படித்துவிட்டுத்தான் பாட்டிலை நிரப்புவேன். மறந்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். மறந்த மாதிரி வைத்துக்கொண்டேன். எட்டு வாரம் காலண்டரில் எண்ணியபோதும் எனக்குத் தெரியும்.

இன்று காலை பாப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாகச் சொன்னீர்கள். கார்டிடமும் போனில் பேசிவிட்டீர்களாம். பாட்டிலைப் பற்றிச் சொன்னபோது அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள் என்றீர்கள். அப்படியே படுத்தபடி, "நான் வேண்டாம்னு சொன்னதாவா அவர்கிட்ட சொன்னா?" என்று மட்டும் கேட்டாளாம். பிறகு, செத்தாலும் சாவேனே தவிர அவளுடைய சிறுநீரகம் எனக்கு வேண்டாம் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டாளாம்.

அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவளை வளர்த்தவள் நான், எனக்குத் தெரியும். ஒன்பது வயதில் அவள் வரைந்த படத்தைத் தெரியாமல் கிழித்துவிட்டேன் என்று இரண்டு நாள் என் கையால் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இப்போதும் வருவாள். குறித்த தேதியை மாற்ற வேண்டாம் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். கையில் விலங்கு போட்டுக் கூட்டிப்போனாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. கட்டில்களை மட்டும் பக்கத்தில் போடச் சொல்லுங்கள். வேறு யாரிடம் போய்க் கேட்பாள்? என்னை விட்டால் இந்த உலகத்தில் அவளுக்கு ஒருத்தரும் இல்லை. பதினோரு மாதம் நான் பாடுபட்டது அதற்காகத்தானே.